கிளட்ச் பிளேட்டில் பிறந்த கார்

(ஃபெருச்சியோ லம்போர்கினியின் வாழ்க்கை)

- இரண்டாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்



நம்ம ஹாஸ்டலில் எந்த ரூமுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு சாமி படம் இருக்கும், ஒரு நடிகர் படம் இருக்கும், மூன்றாவதாக ஒரு லம்போர்கினி கார் படம் இருக்கும். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, கதவை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் மஞ்சள் கார். அதன் மூக்கில் முட்டப் பாயும் காளை. அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு டிராக்டர்காரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வருஷம் வரை எனக்கும் தெரியாது.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் நான் ஒர்க்ஷாப்பில் பண்ணிய ஒரு தப்பு!

கிளட்ச் பிராக்டிகல் அன்றைக்கு என் முறை. பழைய கார் ஒன்றில் கிளட்ச் மிதியை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். மிதி கொஞ்ச தூரம் சும்மா இறங்கியது. லூசாக இருந்தால் கெடுதல், டைட்டாக இருந்தால் நல்லது என்பது என் கணக்கு. லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி, மிதியில் ஒரு நூல் கூட ஆட்டம் இல்லாமல் இறுக்கிவிட்டுப் பெருமையாக நின்றேன். சார் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுத்து ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏற்றச் சொன்னார். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. நாலு தடவை ஏறி இறங்கியதும் கருகிய வாடை. கூட இருந்த பசங்க சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா படித்ததில்லை. முப்பது வருஷமாக அடுத்தவர் டிராக்டரை ஓட்டுகிறார். என்னைக் கூப்பிட்டு, டிராக்டர் கிளட்ச் மிதியைக் காலால் இல்லாமல் கையால் அழுத்தச் சொன்னார். ரெண்டு விரற்கடை அது சும்மா இறங்கியது. அதற்கப்புறம்தான் கனம் தெரிந்தது. அந்தச் சும்மா இறங்குவது இல்லாவிட்டால் பிளேட்டு வெந்துவிடும் என்றார். நான் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்கிய விஷயம். அப்பாவுக்கு அதன் பேர் ஃப்ரீ ப்ளே என்று தெரியாது. எனக்குப் பேர் தெரியும், விஷயம் தெரியாது!

திரும்பி வந்து லைப்ரரியில் கிளட்ச் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அப்படித்தான் இந்த மனிதர் எனக்குக் கிடைத்தார். கிளட்ச் சரியில்லை என்பதற்காக ஒரு கார் கம்பெனியே தொடங்கியவர்!

கிளட்ச்: ஒரு சின்ன ஞாபகமூட்டல்

மற்ற பிராஞ்ச் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். கியர்பாக்ஸைத் தேவைப்படும்போது அதோடு சேர்க்கணும், தேவைப்படும்போது பிரிக்கணும். சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்ச் வேலை. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட் இருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டைத் தள்ளி, நடுவில் இருப்பதை அப்பளம் மாதிரி அழுத்திப் பிடித்திருக்கும். மிதியை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் லீவர்களை அழுத்தும். பிரஷர் பிளேட் பின்வாங்கும். பிடி விட்டுவிடும்.

மிதியை விட்ட பிறகு ரிலீஸ் பேரிங் லீவரைத் தொடாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கணும். அந்தச் சின்ன இடைவெளிதான் மிதியில் ஏறக்குறைய ஒரு அங்குலமாகத் தெரிகிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் நாம் மிதிக்காமலேயே யாரோ லேசாக மிதித்துக்கொண்டிருப்பது போலத்தான். ஸ்பிரிங் முழு பலத்தோடு அழுத்தாது. பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். இடைவெளி ரொம்ப அதிகமானால் வேறு வில்லங்கம். முழுக்க மிதித்தாலும் பிடி முழுசாக விடாது. கியர் போடும்போது கரகரவென்று கத்தும்.

லைனிங் தேயத் தேய இந்த இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் அவ்வப்போது அட்ஜஸ்ட் செய்கிறோம். ஆனால் கவனியுங்கள். அட்ஜஸ்ட்மென்ட்டால் சரியாவது இடைவெளி மட்டுமே! ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நாலு விஷயத்தைப் பொறுத்தது: உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. நாலையும் பெருக்கினால் விடை. உதாரணமாக உராய்வுக் கெழு 0.3, அழுத்தம் 4000 நியூட்டன், ஆரம் 0.09 மீட்டர், பக்கம் 2 என்றால் 216 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கொடுப்பது அதைவிட அதிகமாக இருந்தால், லாக் நட்டை ஆயிரம் தடவை திருகினாலும் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். அப்போது திருகுவது வைத்தியம் இல்லை. பிரித்துப் பெரிய கிளட்ச்சாகப் போடணும்.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நம்ம ஆள் கதைக்கு வருவோம்.

திராட்சைத் தோட்டத்துப் பையன்

இத்தாலியின் வடக்கே ஃபெர்ராரா மாவட்டம். அங்கே சென்ட்டோ என்ற சிறு நகரத்தை ஒட்டி ரெனாட்சோ என்ற கிராமம். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஃபெருச்சியோ லம்போர்கினி பிறந்தார். அப்பா அந்தோனியோ, அம்மா எவலினா. திராட்சை பயிரிடும் குடும்பம். பையனுக்கோ திராட்சையை விட, தோட்டத்தில் ஓடிய இயந்திரங்கள் மேல்தான் கண். வயலுக்குப் போகச் சொன்னால் பட்டறையில் போய் நிற்பான். கடைசியில் பொலோனா பக்கம் ஒரு தொழிற்கல்வி நிலையத்தில் மெக்கானிக் படிப்பு படித்தான். நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்றே வைத்துக்கொள்ளலாமே!

1940ல் இரண்டாம் உலகப் போர். இளைஞர் ஃபெருச்சியோவை இத்தாலிய விமானப் படையில் சேர்த்தார்கள். விமானம் ஓட்ட இல்லை, ஸ்பானர் பிடிக்க! அன்று இத்தாலியின் கையில் இருந்த ரோட்ஸ் என்ற கிரேக்கத் தீவில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. சுற்றிலும் கடல், போர்க்காலம், ஸ்பேர் பார்ட்ஸ் நினைத்த நேரத்தில் வராது. இருப்பதைக் கொண்டு ஓடவைக்க வேண்டும். ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்குப் பொருத்தி ஓட்டும் கை அங்கேதான் பழகியது. வேலைத் திறமையால் அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளர் ஆனார். 1945ல் போர் முடிந்தபோது ஆங்கிலேயரிடம் போர்க்கைதியானார். அடுத்த வருஷம்தான் ஊர் திரும்ப முடிந்தது.

ஊர் வந்தவரை வாழ்க்கை சும்மா விடவில்லை. கல்யாணம் ஆனது. 1947ல் மகன் டோனினோ பிறந்தான். அந்தப் பிரசவத்திலேயே மனைவி இறந்துபோனார். கையில் பச்சைக் குழந்தை, போரில் நொந்துபோன நாடு, முப்பத்தொரு வயது. இந்த இடத்தில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவர் உட்காரவில்லை.

ராணுவக் குப்பையில் ஒரு டிராக்டர்

போருக்குப் பின் இத்தாலியில் விவசாயிக்கு டிராக்டர் தேவை, ஆனால் புது டிராக்டர் வாங்கக் காசில்லை. மறுபக்கம், போரில் விட்டுப்போன ராணுவ வண்டிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. இரண்டையும் ஃபெருச்சியோவின் கண் சேர்த்துப் பார்த்தது. பழைய ராணுவ வண்டிகளின் பாகங்களைக் கழற்றி, மோரிஸ் எஞ்சினைப் பொருத்தி, ஒரு டிராக்டர் செய்தார். பேர் கரியோகா.

அதில் அவருடைய சொந்த யோசனை ஒன்று இருந்தது. பெட்ரோல் விலை அதிகம். எனவே பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு விலை குறைந்த எண்ணெய்க்கு மாற்றி ஓட்டும்படி ஒரு ஆவியாக்கியை வடிவமைத்துப் பொருத்தினார். நம்ம ஊரில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பம்ப்செட் எஞ்சின்களைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே மாதிரி யோசனைதான். ஏழை விவசாயியின் கஷ்டம் தெரிந்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும். 1948ல் லம்போர்கினி டிராக்டர் கம்பெனி பிறந்தது.

அதே 1948ல் அவருக்கு இன்னொரு ஆசையும் வந்தது. ரேஸ்! ஃபியட் கம்பெனியின் டொப்போலினோ என்ற குட்டிக் காரை எடுத்து, எஞ்சினை 750 சி.சி. வரை பெரிதாக்கி, மில்லே மில்யா என்ற புகழ்பெற்ற ரேஸில் இறங்கினார். அந்தப் பேருக்கு ஆயிரம் மைல் என்று அர்த்தம். சுமார் 1100 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. டூரின் நகரப் பக்கம் ஃபியானோ என்ற ஊரில் கார் நேராகப் போய் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் மோதியது. உயிர் தப்பியது. ரேஸ் ஆசை அதோடு போயிற்று. பின்னாளில் கார் கம்பெனி வைத்தபோதும் ரேஸ் கார் செய்யமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டிராக்டர் தொழில் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. 1950களின் முடிவில் இத்தாலியின் பெரிய விவசாய இயந்திரத் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். அடுத்து வீடுகளைச் சூடாக்கும் பர்னர்கள், ஏர் கண்டிஷனர்கள் செய்யும் கம்பெனியும் வந்தது. பணம் கொட்டியது. பணம் வந்த மனிதர் என்ன செய்வார்? கார் வாங்கினார். ஒன்றல்ல, பல. 1958 முதல் ஃபெராரி கார்களும் அவர் ஷெட்டுக்கு வந்தன.

மறுபடி மறுபடி வழுக்கிய கிளட்ச்

ஃபெராரி 250 ஜி.டி. என்றால் அன்றைய உலகின் தலைசிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. மூன்று லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். ஏறக்குறைய 240 குதிரை சக்தி. ஆனால் ஃபெருச்சியோ மெக்கானிக் ஆயிற்றே! காரை ரசிக்கும்போதே குறையும் கண்ணில் பட்டது. ரேஸ் காரைக் கொஞ்சம் மாற்றி ரோட்டுக்கு விட்டது போல இரைச்சல், உள்ளே வசதிக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேல் கிளட்ச்! வேகமாக எடுத்தால் வழுக்கியது. ஃபெராரி தொழிற்சாலை இருந்த மரனெல்லோ பக்கத்து ஊர்தான். அங்கே கொண்டுபோவார். காரை உள்ளே எடுத்துப் போவார்கள். மணிக்கணக்கில் வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விடமாட்டார்கள். சரிசெய்து கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் மறுபடி வழுக்கும். மறுபடி மரனெல்லோ!

நண்பர்களே, மேட்டில் நின்று கருகிய வாடை பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளியே நிற்க வைக்கப்படுவது ஒரு மெக்கானிக்குக் கிளட்ச் கருகுவதை விடப் பெரிய வேதனை.

ஒரு நாள் பொறுமை போயிற்று. மரனெல்லோவுக்குப் போகாமல் காரைத் தன் டிராக்டர் பட்டறைக்கு ஓட்டி வந்தார். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சை வெளியே எடுத்துப் பார்த்தார். அதை முன்பே பார்த்த முகமாக இருந்தது! தன் டிராக்டர்களில் போடும் அதே போர்க் அண்ட் பெக் வகைக் கிளட்ச்.

இதில் ஃபெராரி ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. ஒரே கம்பெனி கிளட்ச் செய்து பல வண்டிகளுக்குக் கொடுப்பது அன்றும் இன்றும் வழக்கம்தான். ஆனால் டிராக்டர் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவது. 250 ஜி.டி. எஞ்சினோ 7000 சுற்று வரை போவது. சக்தியும் பல மடங்கு. நாம் முதலில் போட்ட பெருக்கல் கணக்கை நினைத்துப் பாருங்கள். அட்ஜஸ்ட் செய்து தீராது. பெரிய கிளட்ச் வேண்டும். ஃபெருச்சியோ தன் பட்டறையில் பெரிய கிளட்ச் ஒன்றைப் பொருத்தினார். தொல்லை தீர்ந்தது.

டிராக்டர்காரருக்கு என்ன தெரியும்?

கண்டுபிடித்ததை என்சோ ஃபெராரியிடம் நேரில் சொன்னார் ஃபெருச்சியோ. அதற்கு என்சோ சொன்ன பதிலின் சாரம் இதுதான்: குறை காரில் இல்லை, ஓட்டுபவரிடம்தான். டிராக்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு ஃபெராரியைப் பற்றி என்ன தெரியும்?

இது ஃபெருச்சியோ பல வருஷம் கழித்துப் பேட்டிகளில் தாமே சொன்ன கதை. இரண்டு பெரிய மனிதர்களுக்குள் நடந்த பேச்சில் ஒரு சொல் கூடியோ குறைந்தோ இருக்கலாம். கிளட்ச் கோபம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. நல்ல கார் செய்தால் நல்ல லாபமும் வரும் என்று கணக்குப் போட்ட வியாபாரி அவர். ஆனால் மெக்கானிக்காக இருந்த ஒருவருக்கு அந்தச் சொல் எங்கே தைத்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என்சோ ஃபெராரியும் மாளிகையில் பிறந்தவர் அல்ல. 1898ல் மோடெனாவில் பிறந்தவர். அப்பா உலோகப் பட்டறை வைத்திருந்தார். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடித்தவர் இந்த என்சோ! கஷ்டப்பட்டு மேலே வந்தவர்தான். மேலே வந்தபின் கீழே இருப்பவன் சொல்வது காதில் விழாமல் போய்விடுகிறது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

நம்ம ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்வார்கள்: அட்ஜஸ்ட் பண்ணிக்கோ! பஸ்ஸில் இடமில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஹாஸ்டலில் தண்ணி இல்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. சில விஷயத்துக்கு அது சரி. மிதியில் ஒரு அங்குலம் ஆட்டம் வேணும் என்பதுபோல மனுஷனுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணம் வேணும். ஆனால் உள்ளே இருக்கும் பாகமே பத்தாமல் இருக்கும்போது வெளியே நட்டைத் திருகிக்கொண்டிருப்பது பொறுமை இல்லை, பயம். ஃபெருச்சியோ பிரித்துப் பார்த்தார். அதுதான் அவரை நம்ம சுவர்வரை கொண்டு வந்தது.

காளை பிறந்தது

1963ல் பொலோனாவுக்கும் மோடெனாவுக்கும் இடையே சான்ட் அகாட்டா பொலொனேசே என்ற ஊரில் கார் தொழிற்சாலை எழும்பியது. ஃபெருச்சியோவின் ராசி ரிஷபம். அதனால் சின்னம் காளை. ஃபெராரியின் சின்னம் குதிரை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

எஞ்சினை வடிவமைக்கப் பிடித்த ஆள் ஜியோட்டோ பிட்சாரினி. 1961ல் ஃபெராரியோடு மோதிக்கொண்டு வெளியேறிய எஞ்சினியர்களில் ஒருவர்! மூன்றரை லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின் தயாரானது. ஆனால் அது ரேஸுக்கே செய்தது போல இருந்தது. ஃபெருச்சியோவுக்கு வேண்டியது ரோட்டில் அமைதியாக நீண்ட நாள் ஓடும் எஞ்சின். எனவே ஜியான்பாலோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி என்ற இரண்டு இளைஞர்களிடம் அதைப் பக்குவப்படுத்தும் பொறுப்பைக் கொடுத்தார்.

1963 நவம்பரில் டூரின் கண்காட்சி. முதல் மாதிரி கார் தயார். ஆனால் எஞ்சின் பானட்டுக்குள் அடங்கவில்லை! எடை சரியாக நிற்பதற்காக உள்ளே செங்கற்களை வைத்து, பானட்டைத் திறக்காமலே கண்காட்சியை ஓட்டினார்கள் என்பார்கள். பிராஜெக்ட் டே அன்று மாடல் வேலை செய்யாமல் நாம் படும் பாடு லம்போர்கினிக்கும் இருந்திருக்கிறது! மனம் தளரவில்லை. அடுத்த மார்ச்சில், 1964 ஜெனீவா கண்காட்சியில், ஓடக்கூடிய கார் வந்துவிட்டது. பேர் 350 ஜி.டி. செய்தது 120 கார்கள்தான். ஆனால் ஓட்டியவர்கள் பாராட்டினார்கள். டிராக்டர்காரருக்குக் கார் தெரியும் என்று உலகம் ஒத்துக்கொண்டது.

அடுத்து வந்ததுதான் அதிசயம். டல்லாரா, ஸ்டான்சானி, அவர்களோடு நியூசிலாந்திலிருந்து வந்த டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ். 1965ல் மூவருக்கும் முப்பது வயது நிரம்பவில்லை. வேலை நேரம் முடிந்தபின் ராத்திரிகளில் ஒரு புது சேசிஸை உருவாக்கினார்கள். 12 சிலிண்டர் எஞ்சினை டிரைவருக்குப் பின்னால், குறுக்குவாட்டில் வைத்த சேசிஸ்! ரேஸ் பைத்தியம் என்று முதலாளி விரட்டியிருக்கலாம். இவர் விரட்டவில்லை. ரோட்டுக் காராக இருந்தால் சரி என்று விட்டார். 1965ல் டூரினில் வெறும் சேசிஸையே காட்சிக்கு வைத்தார்கள். பெர்டோனே கம்பெனியின் மார்செல்லோ காண்டினி என்ற இளைஞர் அதற்கு உடல் வரைந்தார். 1966ல் ஜெனீவாவில் உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. அதுதான் மியூரா. ஸ்பெயின் நாட்டில் சண்டைக் காளைகளை வளர்த்த குடும்பத்தின் பேர் அது.

மரனெல்லோவில் தன்னை வெளியே நிற்க வைத்ததை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. தன் தொழிற்சாலையில் சின்னப் பையன்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது கிளட்ச் கதையில் இல்லை, இந்த இடத்தில்தான்.

பிடித்ததை விடும் நேரம்

எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் டிராக்டர் தொழிலுக்கு அடி விழுந்தது. தென் அமெரிக்காவின் பொலிவியாவிலிருந்து வந்திருந்த பெரிய ஆர்டர், அங்கே 1971ல் ஆட்சி கவிழ்ந்ததால் ரத்தானது. தயாரான டிராக்டர்கள் தேங்கின. 1973ல் டிராக்டர் கம்பெனி ஸாமே என்ற இன்னொரு இத்தாலிய டிராக்டர் கம்பெனியின் கைக்குப் போனது. கார் கம்பெனியில் 51 சதவீதத்தை 1972லும், மீதி 49 சதவீதத்தை 1974லும் சுவிட்சர்லாந்துக்காரர்கள் இருவருக்கு விற்றுவிட்டார்.

தோற்றுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கிளட்ச் என்பது பிடிப்பதற்கு மட்டும் இல்லையே, விடுவதற்கும்தானே! விடத் தெரியாத கிளட்ச்சும் கெட்டுப்போன கிளட்ச்தான். மத்திய இத்தாலியில் உம்பிரியா பகுதியில் திராசிமேனோ ஏரிக்கரையில் ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே என்ன செய்தார் தெரியுமா? திராட்சை பயிரிட்டார்! அப்பா செய்த அதே தொழில். அந்தத் திராட்சையில் செய்த ஒயினுக்கு மியூராவின் ரத்தம் என்று அர்த்தம் வரும் பேரை வைத்தார். தன் பழைய டிராக்டர்களையும் கார்களையும் விருந்தாளிகளுக்குக் காட்டி மகிழ்ந்தார்.

என்சோ ஃபெராரி 1988ல் காலமானார். ஃபெருச்சியோ 1993 பிப்ரவரி 20ஆம் தேதி பெருஜியா நகரில், 76ஆம் வயதில் காலமானார். பிறந்த ரெனாட்சோவிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் விட்டுச் சென்ற கார் கம்பெனி பல கை மாறி 1998ல் ஆடி கம்பெனியிடம் போனது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி இப்போது விற்கும் கார் எதிலும் கிளட்ச் மிதியே கிடையாது! கிளட்ச் உள்ளே இருக்கிறது. பிடிப்பதையும் விடுவதையும் எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனால் லம்போர்கினி என்ற பேரில் டிராக்டர் இன்றும் வயலில் உழுதுகொண்டிருக்கிறது.

முடிவாக ஒரு விஷயம்

நண்பர்களே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். முதலாமாண்டு சேரும்போது அப்ளிகேஷனில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் விவசாயம் என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பக்கத்தில் நின்ற பையன் பிசினஸ் என்று எழுதிக்கொண்டிருந்தான். டிராக்டர் டிரைவர் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அன்று வசதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

என்சோ ஃபெராரி டிராக்டர்காரர் என்பதை வசைச் சொல்லாகச் சொன்னார். நானும் மனதுக்குள் அதையே சொல்லியிருக்கிறேன், அதுவும் என் அப்பாவை!

நம்மில் பாதிப் பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. கம்ப்யூட்டர் வந்தாலும், கிளட்ச் மிதியே இல்லாத கார் வந்தாலும் நாம் பயப்பட வேண்டாம். பிரித்துப் பார்க்கும் தைரியமும், கை அழுக்காவதற்குக் கூச்சப்படாத மனசும் இருந்தால் எந்த எஞ்சினும் நமக்குப் புரியும். எதை அட்ஜஸ்ட் செய்யலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தவன்தான் மெக்கானிக். அதைச் சொல்லிக்கொடுக்க வகுப்பில் சாரும் உண்டு, வீட்டில் அப்பாவும் உண்டு. ரெண்டு பேரையும் கேட்போம்.

இந்த வருஷம் ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் அதே கட்டம் மறுபடி வந்தது. டிராக்டர் டிரைவர் என்று தெளிவாக, கொட்டை எழுத்தில் எழுதினேன்.

எல்லா நண்பர்களும் அரியர் இல்லாமல் பாஸ் பண்ண வாழ்த்துக்கள்!